தனிமுகவரிக் கசிவு: இணையத்தில் 10-ஆம் எண் வலையமைப்பின் வரலாறு

வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து பார்த்தால் 192.168.1.5 என்பது போன்ற ஓர் எண் தெரியும். அடுத்த தெருவிலுள்ள வீட்டிலும் இதே எண்ணுடன் ஒரு கைப்பேசி இருக்கலாம். வேறு நாட்டில், வேறு கண்டத்தில் இருக்கும் வீடுகளிலும் இருக்கலாம். இவற்றைத் தனிமுகவரிகள் என்கிறோம். ஒரு வீட்டுக்குள்ளோ ஒரு நிறுவனத்துக்குள்ளோ மட்டுமே இவை செல்லுபடியாகும். அலுவலகத் தொலைபேசியின் எக்ஸ்டென்ஷன் எண்ணைப் போன்றவை இவை. 204 என்று அழுத்தினால் அந்தக் கட்டடத்தில் கணக்குப் பிரிவு எடுக்கும். வெளியில் இருந்து 204 என்று அழைத்தால் எங்கும் போய்ச் சேராது.

தனிமுகவரிகள் பொது இணையத்துக்கு வரக்கூடாது என்பது 1990-களிலிருந்து இருந்துவரும் விதி. ஆயினும் அவை வந்துகொண்டே இருக்கின்றன. இதையே தனிமுகவரிக் கசிவு என்கின்றனர். 10.0.0.1 என்ற எண்ணுக்குள் ‘இது தனி’ என்று அறிவிக்கும் பூட்டு எதுவும் இல்லை. மற்ற எண்களைப் போலவே அதுவும் 32 பிட்டுகளால் ஆனது. உலகிலுள்ள வலையமைப்பு நடத்துநர்கள் ஒவ்வொருவரும் அதைத் தம் எல்லையிலேயே நிறுத்த வேண்டும் என்ற உடன்பாட்டினால்தான் அது தனியாக இருக்கிறது. உடன்பாட்டை யார் காப்பது, மீறினால் யார் சுமப்பது என்ற கேள்விகளே இந்த வரலாற்றின் மையம்.

எண்கள் போதாமற் போன காலம்

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வரையறுக்கப்பட்டது. அதன் முகவரிக்கு 32 பிட்டுகள். மொத்தம் ஏறத்தாழ 429 கோடி எண்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்று இந்த நெறிமுறைக்கு மாறியது. அப்போது இணைந்திருந்த கணினிகள் சில நூறுதான். 429 கோடி என்பது தீராத சொத்தாகவே தெரிந்திருக்கும்.

எண்களைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பு தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டெலிடம் இருந்தது. முகவரிகள் மூன்று அளவுகளில் வழங்கப்பட்டன. ஏ வகுப்பு பெற்றவருக்கு 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்கள் கிடைத்தன. பி வகுப்புக்கு 65,536, சி வகுப்புக்கு 256. நடுத்தர நிறுவனத்துக்கு 256 போதாது, கோடி தேவையில்லை. எனவே எல்லோரும் பி வகுப்பையே கேட்டார்கள். அவை மொத்தமே 16,384 தொகுதிகள்தான். 1990-களின் தொடக்கத்தில் இவை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது.

அன்றைய கொள்கையின்படி, இணையத்தோடு இணையாத வலையமைப்பும் உலகில் வேறு யாருக்கும் இல்லாத எண்ணைப் பதிவு செய்து பெறவேண்டும். பலர் அப்படிச் செய்யவில்லை. கணினியோடு வந்த கையேட்டில் எடுத்துக்காட்டாக அச்சிட்டிருந்த எண்ணையே அப்படியே தட்டச்சு செய்துவிட்டார்கள். சன் நிறுவனத்தின் கையேடுகளில் இருந்த 192.9.200 என்ற தொகுதி இவ்வாறு பல அலுவலகங்களில் பரவியது. பின்னாளில் அந்த அலுவலகம் இணையத்தோடு இணையும்போது, தன் எண் உண்மையில் வேறொருவருடையது என்று கண்டுபிடிக்கும்.

ஆர்ப்பாநெட்டுக்கு வழங்கப்பட்டிருந்த ஏ வகுப்பு எண் 10. அந்த வலையமைப்பு 1990-இல் மூடப்பட்டதும் 10 என்ற எண் உரிமையாளர் இன்றி நின்றது.

நான்கு பேரும் மற்ற நான்கு பேரும்

1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 வெளியானது. இணையத்தின் நெறிமுறைகளும் நடைமுறைகளும் பதிவாகும் வரிசை ஆவணங்களுக்கு ஆர்எஃப்சி என்று பெயர். இதை எழுதியவர்கள் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யாகோவ் ரெக்டர், கிரைஸ்லர் கார் நிறுவனத்தின் ராபர்ட் மாஸ்கோவிட்ஸ், ஐரோப்பிய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசியைச் சேர்ந்த டேனியல் காரன்பெர்க், கீர்ட் யான் டி க்ரூட் ஆகியோர். கார் நிறுவனத்துக்காரர் ஒருவர் இந்தப் பட்டியலில் இருப்பது தற்செயல் அல்ல. தொழிற்சாலைக்குள் ஆயிரக்கணக்கான கருவிகள் ஒன்றோடொன்று பேசவேண்டும். அவற்றில் எதுவும் வெளியுலகத்தோடு பேசத் தேவையில்லை. ஆவணம் தரும் எடுத்துக்காட்டுகளும் இத்தகையவையே: விமான நிலையத்தில் வருகை, புறப்பாடு காட்டும் திரைகள், கடைகளின் பில் எந்திரங்கள், வங்கிகளின் பணம் வழங்கும் எந்திரங்கள்.

அவர்கள் ஒதுக்கிய தொகுதிகள் மூன்று. ஆர்ப்பாநெட் விட்டுச்சென்ற 10 முழுவதும்; 172.16 முதல் 172.31 வரை, 192.168 முழுவதும். மொத்தம் 1,78,91,328 எண்கள். யாரிடமும் கேட்காமல் யாரும் பயன்படுத்தலாம், ஒரே நிபந்தனை: வெளியே விடக்கூடாது.

எதிர்ப்பு நான்கே மாதத்தில் வந்தது. 1994 ஜூலையில் வெளியான ஆர்எஃப்சி 1627-இன் தலைப்பே 10-ஆம் எண் வலையமைப்பு தீங்கானது என்று அறிவித்தது. சிலிக்கான் கிராஃபிக்ஸின் எலியட் லியர், டேவ் கிராக்கர், ஆப்பிளின் எரிக் ஃபேர், சன்னின் டாம் கெஸ்லர் ஆகியோர் எழுதியது. ஒவ்வொரு முகவரியும் உலகில் ஒன்றே ஒன்றாக இருக்கவேண்டும் என்பது இணையத்தின் அடித்தளம். அதைப் பொது விவாதம் இன்றி மாற்றியது அதிகார மீறல் என்றார்கள். இரண்டு நிறுவனங்கள் இணையும்போது இரண்டும் ஒரே எண்களை வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்டார்கள். இன்று வெளியே பேசத் தேவையில்லாத கணினி நாளையும் அப்படியே இருக்கும் என்பதற்கு என்ன உறுதி என்றும் கேட்டார்கள்.

இந்தச் சண்டை முடிந்த விதம் சுவையானது. 1996 பிப்ரவரியில் 1597-க்கு மாற்றாக ஆர்எஃப்சி 1918 வந்தது. அதன் ஆசிரியர்கள் பழைய நால்வருடன் ஐந்தாவதாக எலியட் லியர். எதிர்ப்புக் குழுவின் முதல் பெயர் எதிரணி ஆவணத்தில் ஏறிவிட்டது. எதிர்த்தவர்களின் எச்சரிக்கைகள் பலவும் உள்ளே இடம்பெற்றன. தனிமுகவரிகளுக்கான வழிச் செய்தியை நிறுவனத்துக்கு வெளியே பரப்பக்கூடாது. அனுப்புநர் இடத்திலோ பெறுநர் இடத்திலோ தனிமுகவரி உள்ள பொதிகளை வெளியே அனுப்பக்கூடாது. டிஎன்எஸ் பதிவுகள் வழியாகக்கூட இவை வெளியே தெரியக்கூடாது. இணையச் சேவை நிறுவனங்கள் இத்தகைய கசிவைத் தடுக்க நடவடிக்கை எடுக்கவேண்டும். தொகுதிக்குள் ஏதேனும் ஓர் எண்ணைக் குலுக்கல் முறையில் தேர்ந்துகொள்ளுங்கள், அப்போதுதான் பிற்காலத்தில் இரண்டு வலையமைப்புகள் இணையும்போது மோதல் குறையும் என்றும் அந்த ஆவணம் வலியுறுத்தியது. ஆலையிலிருந்து 192.168.1.1 என்று பொறித்து வெளிவந்த ரவுட்டர்கள் அந்த அறிவுரையைக் காற்றில் பறக்கவிட்டன.

இடையே இன்னொன்றும் நடந்திருந்தது. 1994 மே மாதம் எகேவாங், பால் ஃபிரான்சிஸ் இருவரும் முகவரி மாற்றும் முறையை ஆர்எஃப்சி 1631-இல் விவரித்தார்கள். வெளியே போகும் பொதியின் தனிமுகவரியை எல்லையிலேயே நீக்கிப் பொதுமுகவரியை ஒட்டும் இம்முறையைச் சுருக்கமாக நாட் என்பர். நீண்டகாலத் தீர்வு வரும்வரை பயன்படும் தற்காலிக ஏற்பாடாகவே அவர்கள் அதை முன்வைத்தார்கள். ஆனால் அதுவே நிலைத்தது. பில் எந்திரங்களுக்கென ஒதுக்கிய எண்களைக் கொண்டு இப்போது வீடுகள் முழுவதும் இணையத்துக்கு வந்தன. வெளியே பேசவே பேசாத கருவிகளுக்கான ஒதுக்கீடு, எந்நேரமும் வெளியே பேசும் கருவிகளுக்கு உரியதாயிற்று. கசிவுக்கான வாய்ப்பு பெருகியது இங்கேதான் என்று கருதலாம்.

பொதி எப்படி வெளியேறுகிறது

பெறுநர் இடத்தில் தனிமுகவரி உள்ள பொதி அதிக தூரம் போகாது. பொது இணையத்தின் நடுப்பகுதியில் உள்ள ரவுட்டர்களுக்கு 10.0.0.1 எங்கே என்று தெரியாது, எறிந்துவிடும். அனுப்புநர் இடத்தில் தனிமுகவரி இருக்கும் பொதியின் கதை வேறு. ரவுட்டர் வழக்கமாகப் பெறுநர் முகவரியை மட்டுமே பார்த்து வழி தேர்கிறது. அனுப்பியவர் யார் என்று பார்ப்பதில்லை. உறையின் மூலையில் அனுப்புநராக ‘மாடி அறை, எண் 3’ என்று மட்டும் எழுதிய கடிதத்தையும் அஞ்சல்காரர் உரியவரிடம் சேர்த்துவிடுவார். பதில் எழுதத்தான் வழியிருக்காது.

டிஎன்எஸ் வேர் வழங்கிகளுக்கு வந்த வினவல்களை ஆராய்ந்தவர்கள், அனுப்புநராகத் தனிமுகவரி கொண்ட பொதிகளை அவற்றில் கண்டார்கள். வழங்கி பதில் எழுதினாலும் அது சேராது. பதில் வராததால் கேட்ட கணினி மீண்டும் கேட்கும், மறுபடியும் கேட்கும். கசிவு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும் விதம் இது. வேர் வழங்கிகளின் சுமையில் எவ்வளவு வீண் என்பதற்கு ஓர் அளவு உண்டு. எஃப் என்னும் வேர் வழங்கிக்கு 2002 அக்டோபரில் ஒரே நாளில் வந்த 15 கோடிக்கும் மேற்பட்ட வினவல்களைப் பகுத்த ஆய்வில், முறையானவை ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. மீதியில் எல்லாம் தனிமுகவரிக் கசிவு அல்ல. அதுவும் ஒரு பங்கு.

அனுப்புநர் முகவரியைச் சோதிக்கவேண்டும் என்ற பொது அறிவுரை வந்தது கசிவுக்காக அன்று, தாக்குதலுக்காக. 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனம் பொய்யான அனுப்புநர் முகவரிகள் கொண்ட பொதிகளால் திணறடிக்கப்பட்டது. 1998 ஜனவரியில் ஃபெர்குசன், சென்னி இருவரும் ஆர்எஃப்சி 2267-ஐ எழுதினார்கள். 2000 மே மாதம் அது ஆர்எஃப்சி 2827 ஆகத் திருத்தப்பட்டது. வாடிக்கையாளருக்கு நாம் கொடுத்த எண்ணைத் தவிர வேறெந்த எண்ணோடும் அவரிடமிருந்து பொதி வந்தால் ஏற்காதீர்கள் என்பதே அதன் சாரம். இதை எல்லோரும் கடைப்பிடித்தால் தனிமுகவரிக் கசிவின் பெரும்பகுதி நின்றுவிடும். ஆனால் வடிகட்டும் செலவு ஒருவருக்கு, பயன் மற்றவர்களுக்கு. இதனால் பலர் செய்யவில்லை.

வடிகட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. சில சேவை நிறுவனங்கள் எண்களை மிச்சப்படுத்தத் தம் ரவுட்டர்களுக்கு இடையிலான இணைப்புகளுக்கே தனிமுகவரி கொடுத்தன. பொதி பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு என்ற பிழைச் செய்தியை அத்தகைய ரவுட்டர் 10-இல் தொடங்கும் முகவரியிலிருந்து அனுப்பும். ஒழுங்காக வடிகட்டும் வலையமைப்பு அதை எறிந்துவிடும். அனுப்பியவருக்குச் செய்தி சேராது. இணையப் பக்கம் பாதியில் உறைந்து நிற்கும். ஒருவர் விதியை மீற, இன்னொருவர் விதியைக் காக்க, இரண்டுக்கும் நடுவில் பயனர் காத்திருப்பார். இத்தகைய சிக்கல்களை 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6752 தொகுத்துச் சொல்கிறது.

கைதியும் கருந்துளைகளும்

கசிவின் மிகப் பெரிய வாய்க்கால் டிஎன்எஸ். பெயரைச் சொன்னால் எண்ணைத் தருவது அதன் வழக்கமான வேலை. எண்ணைச் சொன்னால் பெயரைத் தரும் தலைகீழ்த் தேடலும் உண்டு. அஞ்சல் வழங்கிகளும் பதிவேடு எழுதும் நிரல்களும் அடிக்கடி இதைச் செய்யும். 10.0.0.7 யார் என்ற கேள்விக்கு அந்த அலுவலகத்தின் சொந்தப் பெயர் வழங்கிதான் விடை தரவேண்டும். அதை அமைக்காமல் விட்டால் கேள்வி மேலே மேலே ஏறி வேர் வரை போகும். 10.0.0.7 யார் என்று உலகத்துக்கு எப்படித் தெரியும்? அந்த எண்ணில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்விகளின் வெள்ளத்தை வேர் வழங்கிகளிடமிருந்து திருப்பிவிட ஏற்பட்டதுதான் ஏஎஸ்112 திட்டம். 112 என்பது அதற்குரிய தன்னாட்சி வலையமைப்பு எண். 2000-களின் தொடக்கத்திலிருந்து தன்னார்வலர்கள் இதை நடத்திவருகிறார்கள். தனிமுகவரிகளின் தலைகீழ் மண்டலங்கள் இரண்டு வழங்கிகளிடம் ஒப்படைக்கப்பட்டன: பிளாக்ஹோல்-1, பிளாக்ஹோல்-2. மண்டலத்தின் தலைமை வழங்கியாகப் பதிவான மூன்றாவதன் பெயர் பிரிசனர்.ஐயானா.ஆர்க். கருந்துளைகள் இரண்டு, கைதி ஒன்று. பொறியாளர்களின் நகைச்சுவைக்கு இது நல்ல சான்று. மூன்றும் 192.175.48 என்ற தொகுதியில் உள்ளன. அதே தொகுதியை உலகின் பல ஊர்களிலிருந்து பலர் ஒரே நேரத்தில் அறிவிக்கிறார்கள். கேள்வி தனக்கு அருகிலுள்ள ஒன்றுக்குப் போய்ச் சேரும். ஒரே எண் பல இடங்களில் இருந்ததால் வந்த நோய்க்கு, ஒரே எண்ணைப் பல இடங்களில் வைத்தே மருந்து செய்திருக்கிறார்கள்.

கைதியின் பாடுதான் அதிகம். விண்டோஸ் 2000 தன் பெயரையும் எண்ணையும் டிஎன்எஸ்ஸில் தானே பதிவு செய்யும் வழக்கத்தோடு வெளிவந்தது. எங்கே பதிவது? தன் தனிமுகவரிக்குரிய மண்டலத்தின் தலைமை வழங்கி யார் என்று கேட்கும். பிரிசனர் என்று விடை வரும். உடனே தன் பெயரை அங்கே அனுப்பும். மறுக்கப்பட்டால் மீண்டும் முயலும். சான் டியேகோவில் உள்ள கெய்டா ஆய்வு மையத்தினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு வந்து குவிந்த பதிவு முயற்சிகளில் மிகப் பெரும்பான்மை விண்டோஸ் கணினிகளிடமிருந்து வந்தவை என்று காட்டியது. இங்கே வீணாவது வழங்கியின் நேரம் மட்டும் அன்று. அலுவலகக் கணினிகளுக்கு அறையின் பெயரையோ ஊழியரின் பெயரையோ வைப்பது வழக்கம். அந்தப் பெயர், உள் எண், அலுவலகத்தின் பொதுமுகவரி ஆகிய மூன்றும் ஒன்றாக, யாரென்று தெரியாத ஒரு தன்னார்வலரின் எந்திரத்துக்குப் போகின்றன. அனுப்பியவருக்கு இது தெரியவே தெரியாது.

தெரியவந்தபோதோ அது தலைகீழாகத் தெரிந்தது. தீயரண் பதிவேட்டைப் பார்த்த நிர்வாகிகள், பிரிசனர்.ஐயானா.ஆர்க் என்ற வழங்கியிலிருந்து தம் வலையமைப்புக்குள் பொதிகள் வருவதைக் கண்டார்கள். பெயரும் ஐயத்தை வளர்த்திருக்கும். எங்களைத் தாக்குகிறீர்கள் என்று ஐயானாவுக்குப் புகார்கள் போயின. வந்தவை தாக்குதல்கள் அல்ல. அவர்கள் கணினிகளே கேட்ட கேள்விகளுக்கு வந்த பதில்கள். புகார்கள் ஓயாததால் 2011 ஜூலையில் ஆர்எஃப்சி 6305 என்ற தனி ஆவணமே வெளியானது. அதன் தலைப்பு, பிரிசனர் என்னைத் தாக்குகிறது என்று அலறும் நிர்வாகியின் குரலிலேயே அமைந்தது. தொழில்நுட்ப ஆவணங்களில் இவ்வளவு பொறுமையான பதில் அரிது. அதே மாதம் வந்த ஆர்எஃப்சி 6303, தனிமுகவரிகளின் தலைகீழ்க் கேள்விகளுக்கு உள்ளூர்ப் பெயர் வழங்கிகளே இயல்பாக விடை சொல்லவேண்டும் என்றது.

தனி என்று நினைத்த பொதுமுகவரிகள்

கசிவுக்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு. வழங்கப்படாமல் கிடந்த எண்களைத் தனி என்று நினைத்துப் பலர் உள்ளே பயன்படுத்தினார்கள். 1.1.1.1 நினைவில் நிற்க எளிது. சிஸ்கோவின் வைஃபை கட்டுப்பாட்டுக் கருவிகள் பல இதை உள்பயனுக்கு வைத்திருந்தன. 2010 ஜனவரியில் 1-இல் தொடங்கும் தொகுதி ஆசிய பசிபிக் பதிவகமான ஏப்னிக்குக் கொடுக்கப்பட்டது. சோதனைக்காக ரைப் என்சிசி 1.1.1.0 தொகுதியை அறிவித்ததும், யாரும் எதுவும் வைத்திராத அந்த எண்ணுக்கு வந்த பொதிகள் 10 மெகாபிட் இணைப்பை முழுதாக அடைத்துவிட்டன. 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃபிளேர் ஏப்னிக்குடன் சேர்ந்து அதே எண்ணில் டிஎன்எஸ் சேவை தொடங்கியபோது, உள்ளே 1.1.1.1 வைத்திருந்த வலையமைப்புகளின் பயனர்களால் அதை அடைய முடியவில்லை.

ஹமாச்சி என்ற மெய்நிகர் வலையமைப்புச் சேவை 5-இல் தொடங்கும் எண்களைப் பயன்படுத்தியது. அவை 2010-இல் ரைப் என்சிசிக்கு வழங்கப்பட்டபின் 2012-இல் 25-க்கு மாறியது. 25 பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தின் சொத்து. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 11-ஆம் தொகுதியும் பல ஆண்டுகளாகப் பொது இணையத்தில் அறிவிக்கப்படாமல் கிடந்ததால் வேறு சிலர் உள்ளே அதை ஆண்டார்கள். 2021 ஜனவரி 20 அன்று அதுவும், பின் வேறு தொகுதிகளும் திடீரென இணையத்தில் தோன்றின. ஏப்ரலுக்குள் ஏறத்தாழ 17.5 கோடி எண்கள். அனுமதியின்றிப் பயன்படுத்துவதை அறியும் முன்னோட்டம் இது என்று துறை விளக்கியது. உள்ளே 11 வைத்திருந்த நிறுவனத்தில் வழி அமைப்பு சற்றே பிசகினாலும் பொதிகள் அமெரிக்கப் படைத்துறை வசம் போகும் நிலை அது.

உலாவி சொல்லிக் கொடுப்பது

பொதியில் முகவரி கசியாமல், செய்திக்குள்ளேயே கசிவதும் உண்டு. மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அது கடந்துவந்த கணினிகளின் தனிமுகவரிகள் பதிவாவது பழைய வழக்கம். புதிய வாய்க்கால் உலாவி. காணொளி உரையாடலுக்கான வெப்ஆர்டிசி, ஒரே வீட்டிலுள்ள இருவர் நேரடியாகப் பேசும் வழியைத் தேடித் தன் தனிமுகவரியை எதிர்முனைக்குச் சொல்லும். இணையப் பக்கத்தில் உள்ள சில வரி நிரல் இதைப் பயனர் அறியாமலே படித்துவிடலாம் என்பது 2015 ஜனவரியில் வெளியான ஒரு செயல்விளக்கத்தால் பரவலாகத் தெரிந்தது. நாட்டுக்குப் பின்னால் ஒரே பொதுமுகவரியில் இருக்கும் பலரை வேறுபடுத்தி அடையாளம் காண இது போதும். 2019 முதல் குரோம் போன்ற உலாவிகள் உண்மையான எண்ணுக்குப் பதிலாக, உள்ளூரில் மட்டும் பொருள்படும் தற்செயலான பெயர் ஒன்றைத் தரத் தொடங்கின.

புதிய எண்கள், பழைய பழக்கம்

ஐயானாவிடம் இருந்த கடைசிப் பொதுமுகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தன. மறு ஆண்டு ஏப்ரலில், சேவை நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களை ஒரே எண்ணுக்குப் பின்னால் வைக்க 100.64 முதல் 100.127 வரை ஒதுக்கப்பட்டன.

ஆறாம் பதிப்பில் 128 பிட்டுகள் இருப்பதால் பஞ்சம் இல்லை. ஆயினும் அதிலும் முதலில் தள முகவரி என்று ஒரு தனி ஒதுக்கீடு வைத்தார்கள். ஒரே எண் பல இடங்களில் இருக்கும், எல்லை எதுவென்று குழப்பும், கசியும் என்ற காரணங்களால் 2004 செப்டம்பரில் ஆர்எஃப்சி 3879 அதைக் கைவிட்டது. மாற்றாக 2005-இல் வந்த ஆர்எஃப்சி 4193, ஒவ்வொரு வலையமைப்பும் 40 பிட் அளவு எண்ணைக் குலுக்கித் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றது. கசிந்தாலும் மோதாது என்பது எண்ணம். 1996-இல் அறிவுரையாக இருந்தது இங்கே விதியாயிற்று.

பெயர்களிலும் இதே கதை நடந்தது. அலுவலகங்கள் உள்ளே .கார்ப், .ஹோம், .மெயில் என்று முடியும் பெயர்களைத் தாமாக வைத்துக்கொண்டதால் அவற்றுக்கான வினவல்கள் வேர் வழங்கிகளில் குவிந்தன. 2012-இல் இவற்றைப் பொதுப் பெயர்களாகக் கேட்டு விண்ணப்பங்கள் வந்தபோது, கொடுத்தால் உள்ளே நடக்கும் பேச்சு வெளியார் கைக்குப் போய்விடும் என்பது தெரிந்தது; 2018 பிப்ரவரியில் ஐகான் மூன்றையும் வழங்குவதில்லை என்று முடிவு செய்தது. 2024 ஜூலையில் .இன்டர்னல் என்ற முடிவு தனிப்பயனுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அது வேரில் ஒருபோதும் சேர்க்கப்படாது. கசிந்து வரும் வினவலுக்கு அப்படியொரு பெயர் இல்லை என்ற பதிலே கிடைக்கும்.